இரண்டு யானைகளும் ஓர் ஊசலும்

தொடக்கப் பள்ளியில் என்னிடம் பயின்று, இன்று ஜொகூர் பாருவில் பொறியாளராய்ப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் இல்லம் தேடி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. முகத்தில் ஏதோ கேட்கத் தயங்கும் சாயல். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சங்கப் பாட்டு. தாம் மூன்றாண்டுகளாகப் பழகிவரும் பெண்ணிடம் மணம் புரியச் சம்மதம் கேட்கப் போவதாகவும், அதனைப் பொந்தியான் கடற்கரையில், மலாக்கா நீரிணையில் கதிரவன் மறையும் வேளையில் நிகழ்த்தத் திட்டமிட்டிருப்பதாகவும் கூறினார். தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்து என்று பொய் சொல்லி அப்பெண்ணை அழைத்து வருவார்களாம். இரு வீட்டாரும் மறைவில் நிற்பார்களாம். விளக்குகள் எரியும், உறுமி மேளம் முழங்கும், இவர் முழந்தாளிட்டு மோதிரத்தை நீட்டுவார். பின்னால் விரியும் துணியில் பொறிக்கத்தான் பாட்டு.

"அவளுக்குக் கடுகளவும் ஐயம் வரக்கூடாது, ஐயா. அதுதான் முக்கியம்" என்றார்.

"அவளுக்கு ஐயம் வராது, தம்பி. அவள் என்ன விடை சொல்வாள் என்பதில் உனக்கு ஐயம் இல்லையா?" என்று கேட்டேன். திருமணம் பற்றி அப்பெண்ணிடம் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியதில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

அவருக்கு ஏற்ற பாட்டைத் தேடப் புகுந்தபோது எனக்குள் எழுந்த சில எண்ணங்களே இக்கட்டுரை. காதலைக் கரவாகத் திட்டமிட்டு வெளிப்படுத்தும் காட்சிகள் நம் இலக்கியத்தில் நிரம்ப உண்டு. அவை எல்லாம் ஒரு தரத்தன அல்ல. எது அழகு, எது அச்சுறுத்தல் என்று பிரித்தறிவதில் நம் பழம்புலவர்கள் நம்மைவிடக் கூர்மையானவர்கள் என்பது என் கருத்து.

முதலில் எல்லாரும் அறிந்த கதையை எடுத்துக்கொள்வோம். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இறுதியாக அமைந்தது வள்ளியம்மை திருமணப் படலம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளியோட்டும் வள்ளியிடம் முருகன் வேட இளைஞனாய் வருகிறான். அவள் தந்தை நம்பிராசன் வரும் அரவம் கேட்டு வேங்கை மரமாகிறான். பின்னர் முதியவனாய் வந்து தினைமாவும் தேனும் உண்டு நீர் கேட்கிறான். அவள் இசையாதபோது தமையனை நினைக்கிறான். விநாயகன் யானையாய் எதிரே வந்து நிற்கிறான். நடுநடுங்கிய வள்ளி முதியவனைத் தழுவிக்கொள்கிறாள். மாறுவேடம், பொய்ச்சாக்கு, உடன்பிறந்தாரின் ஒத்துழைப்பு, இறுதியில் உண்மை உருவம் வெளிப்படும் திகைப்பு என, என் மாணவரின் திட்டத்தில் இருந்தவை அனைத்தும் இங்கே உண்டு.

பக்தி நூலைக் குறைகூறுவது என் நோக்கம் அன்று. ஆயினும் இலக்கியமாக நோக்குங்கால் ஒன்றைச் சொல்லாமல் இருத்தற்கில்லை. யானை வருவது வள்ளி மறுத்த பிறகு. தான் எளிய குறக்குலத்தாள் என்றும், இத்தகைய வேட்கை தகாது என்றும் அவள் முன்பே சொல்லிவிட்டாள். சொல்லுக்கு விடையாக வந்தது யானை. தழுவிய கைகள் விருப்பத்தால் தழுவினவா, அச்சத்தால் தழுவினவா? கச்சியப்பரும் இவ்வினாவை உணர்ந்திருந்தார் என்றே எண்ணுகின்றேன். முற்பிறப்பில் வள்ளி திருமாலின் மகளாய்ப் பிறந்து முருகனையே மணக்கத் தவம் புரிந்தவள் என்னும் செய்தி நூலில் முன்னரே வைக்கப்பட்டுள்ளது. இப்பிறப்பில் கேட்டுப் பெறாத சம்மதத்தை முற்பிறப்பிலிருந்து கொண்டுவந்து கதையை நேர்செய்கிறார் புலவர். கடவுளுக்கு அவ்வழி உண்டு. ஜொகூர் பாருப் பொறியாளருக்கு இல்லை.

நாடக மேடை இக்குறையை வேறு வகையில் ஈடுசெய்தது. சங்கரதாசு சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளி வாய்மூடி நிற்பவள் அல்லள். நாரதரோடு தர்க்கம் செய்வாள். வேடனாய் வந்த வேலனோடும் வாதிடுவாள். தமிழ்நாட்டின் தென்பகுதிக் கோயில் திருவிழாக்களில் மக்கள் விடிய விடியக் கண்விழித்துக் கேட்பது இந்தத் தர்க்கத்தைத்தான். யானை வந்து போவது சிறிது நேரம். வள்ளியின் வாதமோ நெடுநேரம். புராணத்தில் அவளுக்குக் கிடைத்ததைவிட மேடையில் அவளுக்குப் பேச்சு மிகுதி என்பதை நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுவது நலம்.

இனி மற்றோர் யானை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. தொண்ணூற்றொன்பது பூக்களின் பட்டியலுக்காக மட்டுமே அதனை மாணவர்க்கு நினைவூட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. அதிலும் தினைப்புனம் காக்கும் மகளிர் உள்ளனர். அதிலும் வேட்டைக்கோலத்துடன் இளைஞன் ஒருவன் வருகிறான். அதிலும் யானை வருகிறது. அதிலும் மகளிர் அஞ்சி அவனருகே ஓடுகின்றனர். ஆனால் இந்த யானை எவர் ஏவியும் வந்ததன்று. மதங்கொண்டு தானே வந்தது. அதற்கு முன்பே அவன் தன்னிடமிருந்து தப்பிய விலங்கைப் பற்றி வினவி, விடை பெறாமல், என்னோடு ஒரு சொல் பேசுவதும் பழியாகுமோ என்று கேட்டு நின்றவன். அம்பெய்து யானையை விரட்டிய பின்னர் மலையுறை கடவுளை முன்னிறுத்திச் சூளுரைத்து, அருவிநீர் குடித்து, ஊரறிய மணப்பேன் என்கிறான். இவை அனைத்தையும் தோழி செவிலித்தாயிடம் ஒன்றுவிடாமல் எடுத்துரைப்பதாகவே பாட்டு அமைந்துள்ளது. மறைவில் நடந்தது மறைவிலேயே நின்றுவிடவில்லை.

இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த மாணவர் எவரும் யானைக்கும் யானைக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கமாட்டார்.

அப்படியாயின் திட்டமிடுவதே தவறா? அன்று. தொல்காப்பியக் களவியலில் 'மதியுடம்படுத்தல்' என்று ஒரு துறை உண்டு. தலைவன் தோழியிடம் தன் குறையைச் சொல்ல அவள் உணர்தல், தலைவியின் மாற்றங்களைக் கண்டு முன்னரே உணர்தல், இருவரும் உடனிருக்கும்போது அவன் வரக் கண்டு உணர்தல் என அதனை மூவகையாகத் தொல்காப்பியர் பகுப்பார். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாடல்களில் இத்துறை மிக நயமாக விரிகிறது. யானை இவ்வழி வந்ததோ என்பான், கலைமான் வந்ததோ என்பான், வழி கேட்பான், ஊர் கேட்பான், பெயர் கேட்பான். வேட்டைக்காரன் ஒரே நாளில் யானையையும் மானையும் வழியையும் தொலைத்துவிட்டு நிற்பானா? தோழிக்கு நகைப்பு வருகிறது. அவன் வேண்டுவதும் அதுவே. அவன் பொய் நம்பப்படுவதற்காகச் சொன்ன பொய் அன்று. ஐயுறப்படுவதற்காகச் சொன்ன பொய். ஐயம் வரக்கூடாது என்று இன்றைய இளைஞர் பாடுபடுகிறார். ஐயம் வரவேண்டும் என்று கோவைத் தலைவன் பாடுபட்டான். ஐயுற்றவளுக்கு எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. விருப்பம் இல்லையேல், "இங்கு யானை எதுவும் வரவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடலாம். எவருக்கும் இழிவில்லை.

ஊர் கூட்டி மேளம் முழக்கிக் கேட்பதற்கும் சங்க இலக்கியத்தில் ஒப்பு உண்டு. அதன் பெயர் மடல். பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தெருவில் பலர் காணச் சென்று தன் காதலை அறிவிப்பது அது. குறுந்தொகை 17ஆம் பாடல் அதனை நன்கு காட்டும். அதனை ஒரு கொண்டாட்டமாக எப்புலவரும் பாடவில்லை. பெரும்பாலும் ஏறுவதாகச் சொல்லப்படுவதே அன்றி ஏறப்படுவதும் அன்று. ஊரார் கண்முன் நிறுத்தினால் பெண்வீட்டார் மறுக்க இயலாது என்னும் நெருக்குதலே அதன் வலிமை. விளையாட்டரங்கின் பெருந்திரையில் பல்லாயிரவர் காண மோதிரம் நீட்டும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் காணும்போதெல்லாம் எனக்கு எருக்கம்பூவே நினைவுக்கு வருகிறது. அப்பெண் என்ன செய்வாள்? தலையசைப்பாள். அத்தனை பேர் கைதட்டக் காத்திருக்கும்போது வேறென்ன செய்ய இயலும்?

நம்மவர் இதைக் கேட்டு மேலைநாட்டு வழக்கம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் பெண் பார்க்க வந்த நாள்களை மூத்தோர் நினைவுகூரட்டும். லயம் முழுவதும் அறிந்திருக்கும். அடுத்த வீட்டுப் பாட்டி அறிந்திருப்பாள். பலகாரம் சுட்ட சிற்றன்னை அறிந்திருப்பாள். நல்ல சேலை உடுத்திக் காப்பி கொண்டுவா என்று சொல்லப்பட்ட பெண் ஒருத்திதான் அறியாதிருப்பாள். ஐயம் வராமல் காப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு.

என் உள்ளம் கவர்ந்தது கலித்தொகையின் 37ஆம் பாடல். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சிட்டுத் தந்த அந்நூலில் குறிஞ்சிக்கலி கபிலர் பாடியது என்பது மரபு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் எங்களுக்குக் கலித்தொகை நடத்தியவர் இப்பாடலைத் தாண்டிச் சென்றார். பெண்மைக்குப் பொருந்தாதது என்பது அவர் கருத்து. விடுதியில் நாங்கள் தனியே படித்தோம்.

அதில் திட்டமிடுபவள் பெண். வில்லேந்திய ஒருவன் விலங்கின் தடம் தேடுவான்போல் நாள்தோறும் வந்து நிற்கிறான், ஏதோ சொல்ல வந்தவன்போல் நோக்குகிறான், சொல்லாமலே போகிறான். அவள் உறக்கம் இழக்கிறாள். தன் வேட்கையைத் தலைவன் முன்னர்த் தானே கூறுதல் தலைவிக்கு இல்லை என்பது தொல்காப்பிய விதி. அவள் விதியை மீறவில்லை, ஊசலில் ஏறிக்கொள்கிறாள். புனத்தருகே அவன் வந்தபோது, ஐயா, சற்றே ஆட்டிவிடுங்கள் என்கிறாள். அவன் ஆட்டுகிறான். கை நழுவியதுபோல் அவன் மார்பில் விழுகிறாள். அவன் அதனை மெய்யென நம்பித் தாங்கிக்கொள்கிறான். தான் தெளிந்ததுபோல் எழுந்தால், உடனே "செல்க" என்று விட்டுவிடும் பண்புடையவன் அவன். ஆகவே மயங்கினவள்போலவே கிடந்தேன் என்று தோழியிடம் சொல்கிறாள்.

இவ்விறுதிச் செய்தியில்தான் பாட்டின் உயிர் உள்ளது. அவள் மறைத்தது முறையை, விருப்பத்தை அன்று. அவன் விருப்பம் பல நாள் பார்வையில் அவளுக்குத் தெரிந்ததே. அவள் செய்தது சூழ்ச்சி என்பதை நான் மறுக்கவில்லை. பாட்டிலேயே அவள் அதனை நாணற்ற செயல் என்று ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் அவளை அந்தத் துணிவுக்குத் தூண்டியது, அவன் விட்டுவிடுவான் என்னும் உறுதி. பிடித்துக்கொள்வான் என்பதற்காக ஒருவனை நம்புவது எளிது.

இதன் மறுபக்கம் 51ஆம் பாடல். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்த குறும்பன், வளர்ந்தபின் ஒருநாள் வாயிலில் நின்று நீர் கேட்கிறான். அவன் யாரென்று அறியாமல் அவள் நீர் கொண்டு செல்கிறாள். முன்கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடி வருகிறாள். அக்கணத்தில் அவன் மானம் அவள் நாவின் நுனியில் இருக்கிறது. நீர் விக்கினான் என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் கை பற்றியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பில் இதனைக் குறும்பு என்று மட்டும் சொல்லிக் கடப்பது போதாது. கபிலர் அத்தவற்றைத் தாயின் காதுக்கெட்டும் தொலைவில் நடத்திவைத்தார். காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு முழுவதும் அவளிடம் இருந்தது. ஆதலால் அவள் சொன்ன பொய்யை நாம் சம்மதம் என்று படிக்கிறோம். அதே பொய்யைக் கூட்டத்தின் நடுவே சொல்லியிருந்தால் அவ்வாறு படிக்க இயலுமா?

அன்று மாலை 37ஆம் பாடலை என் மாணவருக்குப் படித்துக் காட்டிப் பொருள் சொன்னேன். துணியில் பொறிக்க அது நீளம் என்றார். பிறகு, உறுமி மேளத்தார்க்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லையாம். அப்பெண்ணின் வீட்டு வாயிலில், வண்டியில் அமர்ந்தபடியே கேட்டுவிட்டாராம். அவள் மூன்று நாள் தவணை கேட்டிருக்கிறாள். அன்று இரண்டாம் நாள். "உறக்கமே இல்லை, ஐயா" என்றார். கலித்தொகையைக் கையோடு எடுத்துப் போயிருந்தார். அந்நூல் இன்னும் என்னிடம் திரும்பவில்லை.