திருமலை இறக்கத்தை ரசிப்பது எப்படி?

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போய்வரும் குடும்பங்கள், மலையிலிருந்து இறங்கும்போது பெரும்பாலும் தூங்கிவிடுகின்றன. இயற்பியல் படிக்கும் பிள்ளை கூட இருந்தால் தட்டி எழுப்புங்கள். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

இறங்குவது 1944-இல் போட்ட பழைய பாதை. ஏறுவது 1974-இல் வந்த புதிய பாதை. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது கார்களுக்கு நெடுநாளாக உள்ள விதி. இறக்கத்துக்கு ஏன் கூடுதல் நேரம்? பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர், பாதை சுமார் 19 கிலோமீட்டர். சரிவு தரும் முடுக்கம் விநாடிக்கு விநாடி 0.36 மீட்டர்தான். அற்பமாகத் தெரியும். ஆனால் பிரேக், உராய்வு, காற்றுத் தடை எதுவுமே இல்லையென்று வைத்துக்கொண்டால், முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள்: அடிவாரத்தில் இறுதித் திசைவேகம் விநாடிக்கு 117 மீட்டர். மணிக்கு 420 கிலோமீட்டர்!

இந்த 40 நிமிடத்தைச் சரிபார்க்கும் சோதனைச் சாவடியின் கடிகாரத்துக்குத் தெரிவது சராசரி மட்டும். மணிக்கு 28 கிலோமீட்டர் சொச்சம். தலைதெறிக்க ஓட்டிவிட்டு நடுவே ஓரங்கட்டி நின்றவரும் அதில் தேறிவிடுவார். கொண்டை ஊசி வளைவை அப்படி ஏமாற்ற முடியாது. மணிக்கு 40-இல் வரும் வண்டி ஐந்து விநாடியில் 15-க்கு இறங்கினால், விநாடிக்கு விநாடி 1.4 மீட்டர் எதிர்முடுக்கம். முன்சீட்டுக் கம்பியை நம் கை தானாகப் பிடிப்பது அதனால்தான்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவது. வளைவுக்குள் ஸ்பீடோமீட்டர் முள் 15-லேயே அசையாமல் நிற்கும். நாமோ பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்வோம். வேகம் மாறவில்லை, திசை மாறுகிறது, அதுவும் முடுக்கமே. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தேர்வில் மனப்பாடமாக எழுதியதை உடம்பு அங்கே புரிந்துகொள்ளும். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்தால், வேகத்தின் வர்க்கத்தை அதால் வகுத்துப் பார்க்கட்டும்: 1.7 வரும். பிரேக் பிடித்ததைவிட அதிகம்.

அந்த 420 எங்கே போயிற்று என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். டிரைவர் இரண்டாம் கியரிலேயே இறக்குவதைக் காட்டுங்கள். ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது. மிச்சம், அடிவாரமான அலிபிரியில் இறங்கியதும் சக்கரத்தருகே மூக்கில் ஏறும் அந்தக் காந்தல் வாடை.