ஓதலும் ஒலிப்பும்: அல்சூர்த் தமிழரும் யூதர் வழிபாட்டு மரபும்

முன்னுரை

திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் ஓதற்குரியன. ஓதும் ஒலி பிழைபடின் பொருளும் பிழைபடும். 1809இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்தபின் தமிழர் மிகுதியாகக் குடியேறிய பகுதிகளுள் அல்சூர் ஒன்று. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இங்குள்ளது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9இல் திறக்கப்பட்டது. எனினும் தமிழை வீட்டில் பேசிக் கன்னடத்தைப் பள்ளியில் பயின்றோர்க்குத் திருப்பாவை போன்ற பனுவல்கள் கன்னட எழுத்தின் வழியே கிட்டுகின்றன. இவ்வெழுத்துமாற்றம் ஒலிப்பை எந்த அளவு காக்கிறது என்பதை யூதர் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துமாற்றத்தின் விளைவு

நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் விதி. பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன. இக்காலக் கன்னட எழுத்து வழக்கில் அவை இல்லை. அவற்றின் இடத்தில் ளகரமும் ரகரமும் இடப்படின், பணிதலைக் குறிக்கும் 'தாழ்' திருவடியைக் குறிக்கும் 'தாள்' ஆகிறது. 'ஆழி' 'ஆளி' ஆகிறது. 'இறை' 'இரை' ஆகிறது.

தமிழகப் பேச்சிலும் இவ்வேறுபாடுகள் பல வட்டாரங்களில் மறைந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் தமிழ் எழுத்து வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டித் திருத்தத்திற்கு இடம் வைக்கிறது. கன்னடப் படியில் அவ்விடமும் அடைபடுகிறது.

வல்லெழுத்துகளில் சிக்கல் வேறு வகையினது. தமிழில் ககரம் ஒன்றே. அது நிற்கும் இடம் நோக்கி ஒலி மாறும். கன்னடத்தில் ககர வகை நான்கும் ஹகரமும் உள்ளன. 'அகம்' என்பதைப் பேச்சொலிக்கேற்ப ஹகரமிட்டு எழுதினால், படிப்பவர் அதனை 'நான்' எனப் பொருள்படும் வடசொல்லாகக் கொள்ள இடமுண்டு. உள்ளத்தைக் குறித்த சொல் தன்முனைப்பைக் குறித்ததாகிவிடும்.

யூதர் மரபில் மூன்று நிலைகள்

எபிரேய எழுத்து அடிப்படையில் மெய்யெழுத்துகளால் ஆனது. கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை மசோரா அறிஞர்கள் உயிர்க்குறிகளை வகுத்தனர். ஆயினும் தொழுகைக்கூடத்தில் ஓதப்படும் தோராச் சுருளில் இன்றும் அக்குறிகள் இடப்படுவதில்லை. ஓதுபவர் முன்னரே கேட்டுப் பயின்று வருதல் வேண்டும்.

ஒலிப்பிழை குறித்து அம்மரபில் மூன்று நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. ஆலெப், அயின் என்னும் எழுத்துகளை மயங்க ஒலிக்கும் ஊரார் தொழுகையை முன்னின்று நடத்தலாகாது என்பது பாபிலோனியத் தல்மூதின் மெகில்லாப் பகுதி தரும் விதி. ஊரார் அனைவரும் அவ்வாறே ஒலிப்பின் தடையில்லை எனப் பிற்கால உரையாளர் தளர்த்தினர். உன்னதப்பாட்டுக்கான மித்ராசு உரையோ, 'அன்பு செய்வாயாக' என்பதைப் 'பகைப்பாயாக' எனப் பொருள்படும்படி தவறாக வாசித்த கல்லாதவனின் பிழையையும் இறைவன் அன்பாகவே ஏற்பதாகக் கூறுகிறது.

இம்மூன்றும் முரண்பட்டன போலத் தோன்றினும் அவ்வாறல்ல. முதலாவது பிறர்க்காக ஓதுபவரையும், இரண்டாவது ஊர் வழக்கையும், மூன்றாவது கல்லாத அடியவரையும் நோக்கியன. பொறுப்பிற்கேற்பத் திருத்தத்தின் கடுமை வேறுபடுகிறது.

முடிவுரை

இவ்வளவுகோலை அல்சூர்ச் சூழலுக்குப் பொருத்தினால், ழகரம் வாராத சிறாரை ஓதலினின்று விலக்குதல் பொருந்தாது. ஆனால் கற்பிப்போர்க்கும் பதிப்பிப்போர்க்கும் அத்தளர்வு இல்லை. ஒருவர் நாவின் பிழை அவரோடு நிற்கும். அச்சுப்பிழை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகிவிடும். பழங்கன்னட ழகர, றகர வடிவங்கள் ஒருங்குகுறியில் இடம்பெற்றுள்ளன. எழுத்துமாற்றப் பதிப்புகளில் அவற்றை மீட்டெடுத்தல் இயலும். வல்லெழுத்து ஒலிப்பு விதிகளைப் பதிப்பின் முகப்பில் தருதலும் வேண்டும். இவை இரண்டும் ஆசிரியர் வாய்க்கேட்டுப் பயிலுதலுக்குத் துணையாகுமேயன்றி ஈடாகா. எழுத்து எதுவாயினும் ஓதல் செவிவழிக் கல்வியே என்பதைத் தமிழ் மரபும் யூத மரபும் ஒருங்கே உணர்த்துகின்றன.