யோசிக்கும் வேலை யாருக்கு?

மேலாண்மைக் கோட்பாடுகளை வரிசைப்படுத்தும் பாடநூல்கள், டெய்லர் போய் மேயோ வந்தார், மேயோ போய் டெமிங் வந்தார் என்ற தோரணையில் எழுதிச் செல்கின்றன. உண்மையில் யாரும் போகவில்லை. ஒரே ஆலைக்குள் இவர்கள் எல்லோருமே இன்றும் இருக்கிறார்கள். இந்தச் சிந்தனை மரபுகளை எடைபோட நான் ஒரு கேள்வியையே வைத்துக்கொள்கிறேன்: வேலையைப் பற்றி யோசிக்கும் உரிமையை இந்தக் கோட்பாடு யார் கையில் கொடுக்கிறது?

ஃபிரெடரிக் டெய்லரின் பதில் தெளிவானது: அது திட்டமிடும் அலுவலகத்துக்கே உரியது. அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு வார்ப்பிரும்புக் கட்டிகளை வேகனில் ஏற்றும் வேலையை அவர் அளந்தார். ஆள் ஒருவர் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றிய இடத்தில் 47.5 டன் ஏற்றவைத்ததாக 1911-ல் வெளியான தம் நூலில் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. இந்தக் கதையில் மிகை உண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் டெய்லரைக் கொடுமைக்காரர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. மண்வெட்டியின் அளவையும் ஓய்வு நேரத்தையும் மேஸ்திரியின் மனம்போன போக்கிலிருந்து மீட்டுக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவை வாங்கிக்கொண்டு, இனி நீ யோசிக்க வேண்டாம் என்று சொன்னாரே, அதுதான் பிழை. 1911-லேயே வாட்டர்டவுன் படைக்கல ஆலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்ச்சை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் அரசுப் படைக்கல ஆலைகளில் இத்தகைய நேர அளவைக்குப் பணம் செலவிடுவதையே அமெரிக்க நாடாளுமன்றம் தடுத்தது.

அதே காலத்தில் பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய ஆன்ரி ஃபயோல், ஆலைத் தளத்தை விட்டு மேல்மாடியைப் பார்த்தார். 1916-ல் அவர் வெளியிட்ட 14 நெறிகளில் ஒன்று, ஒருவருக்கு ஒரே மேலாளர்தான் ஆணையிட வேண்டும் என்பது. ஒரு தொழிலாளிக்கு எட்டுத் துறை மேற்பார்வையாளர்கள் என்ற டெய்லரின் ஏற்பாட்டுக்கு இது நேர் எதிர். நிர்வாகம் கற்பிக்கக்கூடிய ஒரு கலை என்று வாதிட்டதே ஃபயோலின் நிலைத்த கொடை. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் விளக்கிய அதிகாரவர்க்க அமைப்பைப் பற்றி அரசு அலுவலகப் படியேறிய எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

மேரி பார்க்கர் ஃபாலெட்டுக்குப் பாடநூல்கள் ஒரு பத்தியே ஒதுக்குகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆணை என்பது ஒரு மனிதர் இன்னொருவருக்கு இடுவதாக இருக்கக் கூடாது, இருவரும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்து நிலைமை இடும் ஆணையைக் கண்டறிய வேண்டும் என்று 1920-களிலேயே அவர் பேசினார்.

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924-ல் விளக்கொளிச் சோதனைகள் தொடங்கின. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரடித் தொடர்பு பிடிபடவில்லை. தொலைபேசி ரிலேக்களைப் பூட்டும் பெண்களிடம் தொடர்ந்த ஆய்வுகளிலிருந்து எல்டன் மேயோவும் சகாக்களும் மனித உறவுக் கோட்பாட்டை எழுப்பினார்கள். தொழிலாளியின் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்டது இந்த மரபு. வேலையைப் பற்றி அவர் அறிந்து வைத்திருந்ததை அது போதிய அளவு கேட்கவில்லை. மாஸ்லோவின் தேவைப் படிநிலையும், தொழிலாளி வேலையைத் தட்டிக்கழிப்பவர், தாமே பொறுப்பேற்பவர் என்ற இரு எதிர்க் கருத்துகளுக்கு மெக்ரிகர் 1960-ல் பெயரிட்ட எக்ஸ், ஒய் கோட்பாடுகளும் இதன் வழித்தோன்றல்கள்தாம்.

அந்தக் குறையைத் தொட்டவர்கள் லண்டன் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தார். எரிக் டிரிஸ்டும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-ல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார்கள். புதிய இயந்திர முறை வெட்டுதல், நகர்த்தல், அள்ளுதல் என்று வேலையை ஷிஃப்ட் ஷிஃப்டாகத் துண்டாடியதும், பழைய சிறு குழுக்களுக்குள் இருந்த பொறுப்புணர்வு சிதைந்தது என்று காட்டினார்கள். அடுத்த பெரிய சோதனை நம் நாட்டில் நடந்தது. 1953-ல் டேவிஸ்டாக்கைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அகமதாபாத் கேலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறிக்கூடத்தில் ஆளுக்கொரு துண்டு வேலை இருந்தது, ஒரு தறிக்கு முழுப்பொறுப்பு ஏற்பவர் இல்லை. ஒரு தறித் தொகுதியை ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை எழுந்ததும், தொழிலாளர்களே முன்வந்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணியில் சேதம் குறைந்தது. மேலாண்மை வரலாற்றிலேயே எனக்கு மிக மதிப்புக்குரிய சோதனை இதுதான்.

ஜோன் உட்வர்ட் இங்கிலாந்தின் தெற்கு எசெக்ஸில் சுமார் 100 நிறுவனங்களை ஆராய்ந்து, எல்லா ஆலைக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு கிடையாது, தொழில்நுட்பத்துக்கேற்ப அது மாறும் என்று நிறுவினார். அதன் பிறகு டெய்லர் மரபின் ‘ஒரே சிறந்த வழி’ என்ற பேச்சை அறிவுலகில் எடுபடவைப்பது கடினமாயிற்று.

தரக் கட்டுப்பாட்டு மரபின் வேரும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில்தான் இருக்கிறது. விளக்கொளிச் சோதனை தொடங்கிய அதே 1924-ல், அந்நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூவார்ட், உற்பத்தியில் எழும் மாறுபாட்டைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் அதை ஜப்பானியப் பொறியாளர்களுக்குக் கற்பித்தார். மறு ஆண்டே அவர் பெயரில் பரிசு நிறுவப்பட்டது. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறையில், குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். டெய்லர் வாங்கிக்கொண்ட உரிமையின் ஒரு பகுதி இங்கே திரும்பக் கிடைத்தது. ஒரு பகுதிதான்; ஓனோவின் ஆலையிலும் நேரக்கணக்கு கறாரானது.

சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் பெற்றது.

இதைப் படிக்கும் தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆலோசகரை அழைக்கும் முன், இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் அவர் வேலையில் எதை மாற்றுவார் என்று கேளுங்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அதில் எதைச் செய்தீர்கள், எதை ஏன் செய்யவில்லை என்பதை அந்த மாதத்துக்குள் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.