நொசில் கத்தும் சத்தம்

ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து "கிர்ரிக்" என்று ஒரு சத்தம் வரும். பல்லி சொல்லுகிற மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கனமாக. பம்பு தள்ளிய டீசலின் அழுத்தம் தாங்காமல் நொசிலின் ஊசி எழும்பி, டீசல் பனிப்புகையாகத் தெறிக்கும் கணம் அது. நொசில் கத்துது என்று எங்கள் வீட்டில் சொல்லுவோம். எட்டு மாதமாக வாய் திறக்காமல் கிடந்த ஒரு மெசின், மஃரிபுக்குச் சற்று முந்தி முதல்முறை அப்படிக் கத்தியபோது டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள், "வாப்பா, கத்திட்டு!" என்று குதித்தாள். உலகத்தில் எத்தனையோ இனிமையான ஓசைகள் இருக்கலாம். எனக்கு அது போதும்.

மெசின் ஒரு பழைய குபோட்டா. இரண்டு சில்லு, நீண்ட இரண்டு கைப்பிடி, முன்னால் படுத்த வாக்கில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை யாரிடம் காட்டினாலும் குபோட்டா என்று சொல்ல மாட்டார்கள். லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். சீனத்து மெசினும் லாண்ட்மாஸ்டர்தான், யன்மாரும் லாண்ட்மாஸ்டர்தான். உண்மையான லாண்ட்மாஸ்டர் இங்கிலாந்தில், நொட்டிங்ஹாம் பக்கத்தில் செய்யப்பட்டது. அதன் பின்னால் நின்றவர் நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் படித்தவர், விமானம் கட்டிப் பறந்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். எருமை இறங்குகிற சிறிய வயலில் இறங்கக்கூடிய ஒரு கை உழவு இயந்திரம் வேண்டுமென்று 1950களில் அவர் உழைத்ததன் பயனாகத்தான் அந்தப் பெயர் நம் ஊர்களுக்குள் வந்தது. கம்பனி போய், மெசின் போய், பெயர் மட்டும் அரை நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது!

நான் இதைக் கண்டது ஏத்தாளைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில். ஒரு சில்லு மணலில் பாதி புதைந்திருந்தது. "தம்பி, இரும்புக்காரனுக்குக் குடுத்தா கிலோக் கணக்கில காசு தருவான், இத வச்சி என்ன செய்யப் போறீங்க?" என்று தோட்டக்காரப் பெரியவர் கேட்டார். கருவிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். வெயிலும் காற்றும் படாத அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய செம்மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. அன்றே விலை பேசிவிட்டேன்.

எங்கள் கரையில் பழைய இரும்பை வைத்திருப்பது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் நாக்கு மாதிரி மணல். தென்மேல் காற்று எழும்பினால் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தாலே உப்புக் கரிக்கும். ஆகவே முதல் வேலை கழற்றுவது அல்ல, கழுவுவது. நல்ல தண்ணீரால், நாலைந்து நாள், ஒவ்வொரு இடுக்காக. உப்பைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்பளித்து, தோல் மாதிரி உரிந்து வரும். வெறும் கழுவலை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இங்கே பாதிப் பேர் தவறுகிற இடம் அதுதான்.

பிஸ்டன் லைனரோடு இறுகிப் போயிருந்தது. நிற்கிற எஞ்சினாக இருந்தால் ஹெட்டைக் கழற்றி மேலே எண்ணெயை ஊற்றிவிட்டு உறங்கப் போகலாம். இது படுத்த எஞ்சின். ஊற்றியதெல்லாம் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கி வழிந்துவிடும். பழைய சாரனைக் கிழித்து, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்ததில் தோய்த்து, பிஸ்டன் முகத்தில் திணித்து வைத்தேன். காலையும் மாலையும் துணி மாற்றல், காயத்துக்கு மருந்து கட்டுகிற மாதிரி. பதினோராம் நாள் முதிரைக் கட்டை ஒன்றை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். மயிரிழை அசைந்தது. அன்றைக்கு அதற்கு மேல் தட்டவில்லை. அந்த மயிரிழையை நினைத்துக்கொண்டே படுத்தேன்.

லைனரில் துருக்குழி விழுந்திருந்தது, மாற்றத்தான் வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போவது எனக்குப் பெருநாள் மாதிரி. நெருக்கமான கடைகள், கூரை முட்டப் பழைய உதிரிப் பாகங்கள், ஒரு போல்ட்டைக் காட்டினால் அதன் பிறந்த ஊரைச் சொல்லுகிற கிழவர்கள்! ஒரு கடையில் தந்த ரிங் செட் அளவு பிழைத்தது. ரிங்கைத் தனியாக லைனருக்குள் தள்ளி, வாய் இடைவெளியை அளந்து பார்த்ததால் பூட்டுவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். பழைய மெசின் வைத்திருக்கிற எல்லாருக்கும் கெஞ்சிக் கேட்கிறேன்: அளக்காமல் ரிங் பூட்டாதீர்கள்.

வால்வுகளைப் பசை தடவி, குச்சியால் உருட்டி உருட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே தேய்த்தேன். தேய்த்து முடிந்ததும் வாயிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பேன். காலை வரை ஒரு துளி கசியாவிட்டால் இருக்கை சரி. ஒரு வால்வு மூன்று இரவு என்னை ஏமாற்றி, நாலாம் இரவு பிடித்தது. துருப்பிடித்த சின்னப் பாகங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த வாளியும் பழைய பற்றரி சார்ஜரும். பாகத்துக்கு எதிர்முனை, பக்கத்தில் தொங்குகிற இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. தகடு மட்டும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கக் கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். குமிழும் ஐதரசன் வாயு, ஆகவே வாளி முற்றத்தில்தான். இரவு போட்ட கறுப்புத் துருக்கட்டி விடியும்போது ஸ்பானராக வெளியே வரும்.

தண்ணீர்த் தொட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் தலையில் திறந்த தொட்டி. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதில்தான் எஞ்சின் குளிர்கிறது. எங்கள் ஊர்க் கிணற்று நன்னீர், அடியிலிருக்கும் உவர்நீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய ஏடு. கோடையில் இறைக்க இறைக்க உவர்ப்பேறும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஆவி போய்விடும், உப்பும் சுண்ணாம்பும் தங்கிவிடும். என் மெசினின் தொட்டியை வினாகிரியில் ஊற வைத்துச் சுரண்டியபோது ஒரு அங்குலத் தடிப்பில் ஓடு ஓடாக வந்தது. இப்போது நான் ஊற்றுவது மழைத் தண்ணீர் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்து ஒரு பீப்பாய் மெசினுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். வீட்டில் அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை.

கியர்பொக்ஸ் சுகமாக இருந்தது. ஒயில் சீல், இரண்டு பெயாரிங், மூன்று பெல்ட். அவ்வளவுதான்.

இந்த எஞ்சினில் எனக்கு இத்தனை மோகம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இதில் மறைத்து வைத்தது ஒன்றுமேயில்லை. பற்றரி இல்லை, பிளக் இல்லை, கணினி இல்லை. காற்றை நெரித்தால் சூடாகும், சூட்டில் டீசல் எரியும். நொசில் எப்போது தெளிக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பம்பின் மேல் குழாயைக் கழற்றி, ஃபிளைவீலைச் சுற்ற, வாயில் டீசல் மெல்ல மேலெழும்பும் அந்த இடத்தில் நிறுத்தி, ஃபிளைவீல் குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பிந்தினால் பம்பின் அடியில் ஒரு மெல்லிய தகட்டை எடு, முந்தினால் ஒன்றைச் சேர். காகிதத் தடிப்புத் தகட்டில் ஒரு எஞ்சினின் குணமே மாறுகிறது! சீனத்து எஸ்195இன் பெயரையே பாருங்கள்: ஒரு சிலிண்டர், 95 மில்லிமீற்றர் விட்டம். என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

ரொட்டரிக் கத்திகளும் அப்படித்தான். 1912இல் அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்ரா என்ற ஊரில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹவார்ட் என்ற இளைஞர், தகப்பனின் பண்ணையில் நீராவி இயந்திரத்தின் சுழற்சியை வாங்கி மண் கொத்திப் பார்த்தார். மண் பக்கமெல்லாம் சிதறியது. கத்தியை 'எல்' வடிவில் வளைத்ததும் சிதறல் அடங்கியது. அதே வளைவு இன்று என் மெசினின் பின்னால் இருக்கிறது. கற்பிட்டி மணல் அந்தக் கத்தியை அரம் மாதிரி அராவித் தின்னும், ஆனாலும் வளைவு வளைவுதான். றே விஜேவர்தன பிற்காலத்தில் மண்ணைக் கிளறாமலே பயிர் செய்வதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவர் சொன்னதில் எங்கள் மணலுக்கு நியாயம் இருக்கிறது. அதனால் நான் வெங்காயப் பாத்திக்கு நாலு விரல் ஆழத்துக்கு மேல் இறக்குவதில்லை.

நொசில் கத்திய அன்று மஃரிபு தொழுதுவிட்டு வந்து ஹாண்டிலைப் போட்டேன். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். அழுத்தம் விடுகிற நெம்பை இடது கையால் தூக்கிப் பிடித்து, வலது கையால் ஒரு சுற்று, இரண்டு, வேகம் ஏற ஏற நெம்பை விட்டேன். டும். வெள்ளைப் புகை. டும், டும். பிறகு மூச்சுப் பிடித்தாற்போல் ஒரு கணம். அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. டுக்-டுக்-டுக் என்று தென்னைகளுக்குள்ளால் போய்க் களப்பில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்த வேலியால் எட்டிப் பார்த்த நானா, "எங்கட வாப்பாட மெசின்ட சத்தம்" என்றார். அவர்கள் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு இங்கே வந்தவர்கள். மெசின் அங்கேயே நின்றுவிட்டது. வேலியைச் சுற்றி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எஞ்சின் ஓடி முடியும்வரை தொட்டியின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பாத்தி உழுதது அவர்தான். கைப்பிடியில் கிளச்சை ஒரு பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் திரும்பும். பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது மட்டும் அதுவே தலைகீழாகி எதிர்ப்பக்கம் இழுக்கும், தெரியாதவர்களை மெசின் கவிழ்க்கும் இடம் அது. நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கை எல்லாவற்றையும் முன்பே தெரிந்து வைத்திருந்தது.

இப்போது என் கண் நுரைச்சோலைக்கு இப்பால் ஒரு கஜு மரத்தடியில் இருக்கிறது. கொடி படர்ந்து, கைப்பிடி ஒன்று முறிந்து, கியர்பொக்ஸில் வார்ப்பெழுத்து தேய்ந்து கிடக்கிறது ஒன்று. விரலால் தடவிப் படித்தேன். ஆங்கிலத்தில் லாண்ட்மாஸ்டர் என்றே இருக்கிறது! உண்மையானது! வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிய அங்கே போகிறேன். உடைமைக்காரர் இன்னும் தர மனமில்லை என்கிறார். போன கிழமை பிளேன்டீ தந்தார்.