காதல் நாவல் படித்த கிழவர்: ஒரு குடியேறியின் கணக்கு

சிலே நாட்டு எழுத்தாளர் லூயிஸ் செபுல்வேதா 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்துபோன செய்தியைப் பார்த்துத்தான் அவருடைய ‘காதல் நாவல்கள் படித்த கிழவர்’ புத்தகத்தை எடுத்தேன். பீட்டர் புஷ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. ஊரடங்கு நேரம், சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். போன மாதம் மறுபடி படித்தபோது, முதல் தடவை கண்ணில் படாத சில விஷயங்கள் உறுத்தின. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கதை ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டில், நங்காரிட்சா ஆற்றங்கரையில் எல் இதிலியோ என்ற குடியேற்றத்தில் நடக்கிறது. அந்தப் பெயருக்கே ‘இன்பமான காதல் கதை’ என்கிற மாதிரி அர்த்தம். ஊரில் இருப்பதோ மழை, சேறு, பல்வலி. வருஷத்துக்கு இரண்டு தடவை படகில் ஒரு பல் டாக்டர் வருவார். பல்லைப் பிடுங்கிக்கொண்டே, இந்த வலிக்கெல்லாம் அரசாங்கம்தான் காரணம் என்று திட்டுவார். கிழவர் அன்டோனியோ ஹொசே பொலிவாருக்கு அவர்தான் காதல் நாவல்கள் கொண்டுவந்து கொடுப்பவர். கிழவருக்கு வயது அறுபதா எழுபதா என்று சரியாகத் தெரியாது. பொய்ப்பல்லைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். சாப்பிடவும் பேசவும் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வார்.

இந்த நாவலைப் ‘பசுமை இலக்கியம்’ என்று அலமாரியில் அடுக்கிவிடுவது வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. இது ஸ்பெயினில் ஒரு பரிசுக்குப் போயிருந்த நேரத்தில்தான், 1988 டிசம்பர் 22 அன்று, பிரேசிலின் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். செபுல்வேதா தன் முன்குறிப்பில் அவரை நினைவுகூர்கிறார். ஆனால் அந்த லேபிளை ஒட்டிவிட்டால் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. கிழவர் காட்டுக்காரர் இல்லை. மலைநாட்டிலிருந்து அரசாங்கத் திட்டத்தை நம்பி வந்த குடியேறி.

ஏன் வந்தார்? மனைவி டோலோரெஸுக்குக் குழந்தை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? குறை அவளிடம்தான் என்கிறார்கள். கடைசியில், திருவிழா ராத்திரியில் அவளைத் தனியாக விட்டுவிடு, எவன் மூலமாவது பிள்ளை பிறக்கட்டும் என்று யோசனை சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ஊரில் இருக்க மனசு வராமல் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். அவர் படிக்கிற எந்தக் காதல் நாவலிலும் இதைவிடப் பெரிய காதல் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். செபுல்வேதா அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இரண்டாவது வருஷமே டோலோரெஸ் மலேரியாவில் சாகிறாள்.

அரசாங்கம் இவர்களை எதற்காகக் கூட்டி வந்தது? பெருவோடு தகராறில் இருந்த எல்லைப் பகுதியில் ஆட்களைக் குடிவைக்க. கற்பனை இல்லை. 1941இல் இரண்டு நாடுகளும் சண்டை போட்டு, 1942இல் ரியோ ஒப்பந்தம் ஆனது. நங்காரிட்சாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காண்டோர் மலைத்தொடரில் 1981லும் 1995லும் மறுபடி துப்பாக்கி வெடித்தது. 1998இல்தான் முழு சமாதானம். ஆக, குடியேறி என்பவன் சம்பளம் வாங்காத எல்லைக் காவலன். அவனுக்குக் கிடைத்தது கொஞ்சம் நிலம், ஒரு வெட்டுக்கத்தி, மண்வெட்டி, பூச்சி அரித்த விதை.

நாவலின் பிற்பாதியில் மேயர் இதே கிழவரை மிரட்டுவார்: உன் குடிசை நிற்பது அரசாங்க நிலம், நீ புறம்போக்கில் குடியிருப்பவன், வேட்டைக்கு வரவில்லை என்றால் காலி செய்துவிடுவேன். நிலத்தை ‘நம்முடையது’ ஆக்கக் கூட்டி வந்த ஆளிடமே, நிலம் உன்னுடையது இல்லை என்று சொல்கிற இடம். முதல் வாசிப்பில் இதை நான் சாதாரணமாகக் கடந்துபோய்விட்டேன். இப்போது, நாவலின் நடு ஆணியே இதுதான் என்று படுகிறது.

கிழவர் வாசிக்கிற விதத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அரசு ஆட்கள் ஓட்டு வாங்க வரும்போதுதான் தனக்கு எழுத்து தெரியும் என்பதே அவருக்கு நினைவு வருகிறது. அப்புறம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் புத்தகங்களுக்கு நடுவில் ஐந்து மாதம் உட்கார்ந்து தனக்கு என்ன பிடிக்கும் என்று தேடுகிறார். ஜியோமிதி சரிப்படவில்லை, வரலாறு பொய் மாதிரி இருக்கிறது. கடைசியில் ஃபுளோரன்ஸ் பார்க்ளேயின் ‘ரோசரி’யில் போய் நிற்கிறார். பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக, பிறகு வார்த்தை வார்த்தையாக, பிறகு வாக்கியமாக, அது தன்னுடையது ஆகும்வரை திரும்பத் திரும்பப் படிப்பார். முதுகுவலி என்பதால் உயரமான மேசை செய்து நின்றுகொண்டே படிப்பார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு என் அப்பா பேப்பர் படிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு செய்திக்கு அரை மணி நேரம். ஆனால் சாயங்காலம் கேட்டால் ஒரு வரி விடாமல் சொல்வார். நாலு டேப் திறந்து வைத்து மேய்கிற எனக்கு எதுவும் நிற்பதில்லை.

இதே வாசிப்புதான் பிணத்தின் மீதும் நடக்கிறது. ஷுவார் ஆட்கள் படகில் ஒரு வெள்ளைக்காரனின் பிணத்தைக் கொண்டுவருகிறார்கள். மேயர் உடனே அவர்களையே கொலைகாரர்கள் என்கிறார். கிழவர் காயத்தைப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார்: பூனை மூத்திர வாடை. பையைத் திறந்தால் குட்டிகளின் தோல். ஆக, குட்டிகளை இழந்த தாய் விலங்கின் வேலை. என் வேலையில் சர்வர் விழுந்தவுடன் முதலில் ஒரு குற்றவாளியைத் தேடுவார்கள், அப்புறம்தான் லாகைப் படிப்பார்கள். அதனாலோ என்னவோ, இந்தக் காட்சியை மூன்று தடவை படித்தேன்.

ஒரு சின்ன முணுமுணுப்பு. ஆங்கிலத்தில் அந்த விலங்கு ஓசிலாட். நிஜ ஓசிலாட் பெரும்பாலும் 8 முதல் 15 கிலோதான். அது மனிதர்களை வரிசையாகக் கொல்வது நம்பக் கஷ்டம். ரோல்ஃப் டி ஹீர் 2001இல் எடுத்த படத்தில் ஜாகுவார் ஆக்கிவிட்டார்கள். அதுதான் பொருத்தம்.

இனி என் பெரிய குறை. நாவலில் ஷுவார்கள்தான் கிழவருக்கு எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள்: வேட்டை, மீன்பிடி, குடிசை கட்டுவது, பாம்புக் கடியிலிருந்து பிழைப்பது. குடியேறிகள் பெருகப் பெருக அவர்கள் காட்டுக்குள்ளே இன்னும் தள்ளிப் போகிறார்கள். அழகான, சோகமான சித்திரம். ஆனால் வரலாற்றில் ஷுவார்கள் பின்வாங்கிக்கொண்டே மட்டும் இருக்கவில்லை. 1964இல், ஈக்வடாரின் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்த அதே வருஷம், சலேசியப் பாதிரிகளின் உதவியோடு சூகுவா ஊரை மையமாக வைத்துத் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். காட்டை அழித்துப் பயன்படுத்தினால்தான் நிலம் உனக்கு என்கிற விதிக்கு எதிராக, தாங்களே மேய்ச்சல் நிலம் போட்டு மாடு வளர்த்துக் கூட்டாகப் பட்டா வாங்கினார்கள். சொந்த வானொலி நடத்தினார்கள், அதன் வழியாகப் பிள்ளைகளுக்கு இருமொழிப் பாடம் நடத்தினார்கள். செபுல்வேதா அவர்களோடு சில மாதங்கள் வாழ்ந்தது எழுபதுகளின் கடைசியில். அந்தக் கூட்டமைப்பு நன்றாக வேர்விட்டிருந்த காலம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாவலில் ஒரு நிழல்கூட விழவில்லை. மாடு மேய்க்கிற, பட்டா கேட்கிற, ரேடியோவில் பேசுகிற ஷுவார், கிழவரின் குருவாக இருக்கத் தோதுப்பட மாட்டான் போலிருக்கிறது.

இதனால் நாவலைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. ஏனென்றால் கிழவரைப் பற்றி அது பொய் சொல்லவில்லை. அவருடைய ஷுவார் நண்பனை ஒரு வெள்ளைக்காரன் சுட்டுவிடுகிறான். பழி வாங்கப்போன கிழவர், விஷ அம்பால் கொல்ல வேண்டியவனைத் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறார். ஷுவார் முறைப்படி அது மானமான சாவு இல்லை, எதிராளிக்கும்கூட. அழுதுகொண்டே அவரை அனுப்பிவிடுகிறார்கள். எவ்வளவு கற்றாலும் நீ எங்களில் ஒருவன் இல்லை என்பது அன்றைக்குத் தீர்மானமாகிவிட்டது.

கடைசி வேட்டையில், தாய் விலங்கு அவரைச் சாகக் கிடக்கிற தன் ஆணிடம் கூட்டிப்போகிறது. அதன் வலியை அவர் முடித்துவைக்கிறார். பிறகு மோதல், மறுபடி அதே துப்பாக்கி. செத்துக் கிடக்கிற அந்த அழகான உடம்பைப் பார்த்து அவமானத்தில் அழுகிறார். பலரும் இதை மனிதர்களின் காட்டுமிராண்டித்தனத்துக்கு எதிரான கண்ணீர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு செய்த அதே தப்பை, தெரிந்தே, இரண்டாவது தடவை செய்த ஆளின் அழுகை அது. முதல் தடவை துப்பாக்கியோடு திரும்பி வந்தார். இந்தத் தடவை அதை ஆற்றில் எறிந்துவிட்டு, பொய்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, நாவல்கள் இருக்கிற குடிசையைப் பார்த்து நடக்கிறார். அந்தக் குடிசை இப்போதும் அரசாங்க நிலத்தில்தான் நிற்கிறது.