செங்கல் முகப்பும் மறைந்த கம்பியும்

2016 ஜனவரி 29 அன்று, எடின்பரோ நகரின் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியில், புயற்காற்றில் செங்கற்சுவர் ஒன்று சரிந்தது. விழுந்தது ஏறத்தாழ 9 டன். பிள்ளைகள் வருமுன் விழுந்தமையால் எவருக்கும் காயமில்லை. பழங்கட்டடமாயின் வியப்பில்லை, அதுவோ 2005ஆம் ஆண்டில் எழுந்தது.

இக்காலப் பள்ளிகளின் செங்கல் முகப்பு பெரும்பாலும் கூரையைத் தாங்குவதன்று. உள்ளே கான்கிரீட் கற்சுவர், வெளியே அரைச் செங்கல் சுவர், நடுவே வெற்றிடம். இரண்டையும் எஃகுக் கம்பிகள் பிணைக்கின்றன. தாங்காத செங்கல் வெறும் வேடம் என்று சாடி, வெள்ளையடித்த கல்லறை உவமையை நாடுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. மழை மிகுந்த ஸ்காட்லாந்தில் அவ்வெற்றிடமே வகுப்பறையை ஈரத்தினின்று காக்கிறது. மேலும், வழவழத்த உலோகத் தகட்டைவிட, கைக்கு அடங்கும் செங்கல் குழந்தையின் அளவுக்கு நெருக்கமானது.

குற்றம் முகப்பில் இல்லை, பிணைப்பில் இருந்தது. காற்று சுவரைத் தள்ளுவதோடு வெளிப்புறமாக உறிஞ்சவும் செய்யும். அப்போது கம்பி ஒன்றே துணை. கட்டடக் கலைஞர் ஜான் கோல் 2017 பிப்ரவரியில் அளித்த விசாரணை அறிக்கை, கம்பிகள் வெளிச்சுவரின் சாந்துக்குள் போதிய ஆழம் செல்லவில்லை என்று காட்டியது. அடுத்த வரிசைச் செங்கல் ஏறியதும் அக்குறை மறைந்துவிடும். பிறகு எந்தக் கண்ணுக்கும் புலப்படாது. 2016 ஏப்ரலில் அந்நகரில் ஒரே ஒப்பந்தத்தில் எழுந்த 17 பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் பேருந்துகளில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர்.

கொத்தனாரை மட்டும் குறைகூறி முடிக்காதது அவ்வறிக்கையின் நேர்மை. தனியார் முதலீட்டில் எழுந்த அக்கட்டடங்களில், வேலை நடக்கும்போதே நின்று பார்க்கத் தனக்கென ஒரு மேற்பார்வையாளரை நகராட்சி வைத்திருக்கவில்லை. ஆயர் என்னும் பதவிப்பெயரின் கிரேக்க மூலச்சொல்லும் மேற்பார்வையாளர் என்றே பொருள்படும் என்பது இவ்விடத்தில் நம் நினைவுக்கு வந்தது.

நம் பங்குப் பள்ளிகளில் இத்தகைய இரட்டைச் சுவர் அரிது. ஆயினும் தூணுக்குள் மறையும் கம்பி நம்மிடமும் உண்டு. திறப்புவிழாக் கல்வெட்டில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்று கூடிப் பேசும் நாம், கான்கிரீட் இடுவதற்கு முந்திய மாலையில் அக்கம்பியைப் போய்ப் பார்ப்பவர் யார் என்று பேசியதுண்டா?