முள் படாத தட்டு

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப்போகிறார்கள் என்றால், முதலில் வந்து நிற்பவர் தேக்குக் கதவு, ஜன்னல் வாங்குகிறவர். அடுத்தவர் பித்தளைப் பாத்திரக்காரர். பரணிலிருந்து இறங்கும் ட்ரங்குப் பெட்டிக்கும் பழைய பேப்பருக்கும் காயலான் கடைக்காரர். இந்த வரிசையில் அண்மைக் காலமாக நான்காவது ஆள் ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் ‘பிளேட்டு’. ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளால் தாங்கி, செல்போன் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். ‘கிளீன் காப்பி’ என்றால் கண் விரியும். கீறல் இருந்தால் உதடு பிதுங்கும்.

இந்த நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சென்னையின் இசை நினைவில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர். ஆனால் தான் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதில் அவருக்கே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் தட்டில் பதிவான சில ஆண்டுகளிலேயே இசைத்தட்டு வணிகம் தென்னாட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில நொடி. அந்த அவகாசத்தில் ராகமும் கீர்த்தனையும் பாடி முடித்த முதல் தலைமுறையில் பெரும்பாலோர் தேவதாசி மரபில் வந்த பெண்கள்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி. தாயியின் பாட்டில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் டெலாஜ் ‘ராகமாலிகா’ என்றே குரலுக்கும் பியானோவுக்குமாக ஒரு இசைப்படைப்பு எழுதினார். பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் குரல், பின்னாளில் மயிலாப்பூர்ச் சபா மேடைகளின் நினைவில் தங்கவில்லை. சபாக்களின் பொன்விழா மலர்களில் இப்பெண்களைத் தேடினால் கிடைப்பது அரிது. 78 சுழற்சி அரக்குத் தட்டில் தேடினால் கிடைக்கிறார்கள்.

சினிமாவிலும் இதே கதைதான். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி இன்று இல்லை. தொடக்ககாலப் படங்கள் பலவற்றுக்கும் இதுவே கதி. பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் மட்டும் எங்காவது தப்பிக் கிடக்கின்றன. ஏவி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸில் தட்டு வியாபாரம் செய்தவர் என்பதை நினைத்தால், தமிழ் சினிமாவின் தாய்வீடே தட்டுக்கடைதான் என்று சொல்லலாம். தயாரிப்பாளர்கள் பிலிம் சுருளைக் கைவிட்ட காலத்தில் தட்டைக் கைவிடாதவர்கள் தனிமனிதர்கள். வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டியதோடு, எந்தப் படத்தில் யார் பாடினார், மெட்டு எங்கிருந்து வந்தது என்று பத்திரிகையில் எழுதியும் வந்தார். அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் தமிழ், தெலுங்குத் திரையிசை வரலாறு பாதி செவிவழிக் கதையாகவே நின்றிருக்கும்.

இன்னொரு வரவு, மதிப்பீட்டைத் தலைகீழாக்கியது. நம் ஊரில் இசைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. மேல்படியில் கச்சேரி, நடுவில் பக்திப்பாடல், அதற்குக் கீழே சினிமாப்பாட்டு. சினிமாப்பாட்டைச் சொல் இல்லாமல் கிதாரிலும் அக்கார்டியனிலும் வாசித்த தட்டுக்கு எந்தப் படியிலும் இடமில்லை. ஓட்டல் கூடத்திலும் படம் தொடங்குமுன் தியேட்டரிலும் ஒலித்துவிட்டு மறக்கப்படுவது அதன் விதி. வட இந்தியாவில் வான் ஷிப்லியின் மின்கிதாரும் ஈனாக் டேனியல்ஸின் அக்கார்டியனும் அப்படி எல்.பி. எல்.பி.யாக வந்தன. இங்கே மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனே ‘திரில்லிங் தீமாட்டிக் டியூன்ஸ்’ என்று வாத்திய இசைத்தட்டு ஒன்றைத் தந்தார். விமர்சகர்கள் சீண்டாத இந்த வகையைத் தேடி எடுத்து, காது கொடுத்து, ‘இதிலும் ஒரு கைவண்ணம் இருக்கிறது’ என்று சொன்னவர்கள் சேகரிப்பாளர்கள். பாடகரின் குரல் விலகியதும் பின்னால் இருந்த மங்களமூர்த்தியின் அக்கார்டியன், பிலிப்பின் கிதார், நோயல் கிராண்டின் டிரம்ஸ் போன்றவற்றை நோக்கி நம் காது திரும்புகிறது. வாத்தியக்காரர்களை லேபிளில் ஒரு வரிக்குக்கூட மதிக்காத தொழிலில் இது சிறிய நீதி அல்ல.

மறந்த தட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்ததும் உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சின்தசைசரில் வாசித்து ஒரு எல்.பி. வெளியிட்டார். அது விலைபோகவில்லை. இருபது ஆண்டு கழித்து டச்சுக்காரர் ஒருவர் டெல்லிக் கடையில் அதைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுபதிப்பு வந்தது. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசை பிறப்பதற்கு முன்பே ஒரு இந்தியர் அந்த ஒலியைத் தொட்டிருந்தார் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் வியந்தன. இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாடல்களைத் தொகுத்து ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரில் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று தட்டு போட்டதும் இந்த அலையில்தான்.

செலவுப் பக்கம் தொடங்குவதும் இதே அலையில்தான். தட்டு வாங்குவதற்கு இன்று முதலாவதாகச் சொல்லப்படும் காரணம் ஒலி. ‘சிடியில் இல்லாத இதம் வினைலில் இருக்கிறது’ என்பார்கள். இதம் உண்மையாக இருக்கலாம். அளவுகோல் வேறு சொல்கிறது. சிடியின் ஒலி வீச்சு 96 டெசிபல் அளவு, எல்.பி. 70-ஐத் தொடுவதே பெரிது. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒலி மங்குவது அதன் அமைப்பிலேயே உள்ள குறை. போதாததற்கு, நம் தட்டுகள் எச்.எம்.வி. பியஸ்டா போன்ற சூட்கேஸ் பிளேயர்களில், கனத்த முள்ளின் கீழ் வருடக்கணக்கில் உழப்பட்டவை. சென்னையின் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்தவை. மே மாத மொட்டைமாடி அறையில் வளைந்தவை. ‘அசல் ஒலி’ என்று நாம் உருகுவதில் பாதி, அசலின் மேல் காலம் போட்ட சரசரப்பு. அந்தச் சரசரப்பை ஒருவர் விரும்பினால் விரும்பட்டும். அதைத் தொழில்நுட்ப உண்மையாக்கி விலை வைப்பதுதான் முதல் பிழை.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. சந்தையில் உச்ச விலை முள் படாத ‘மின்ட்’ தட்டுக்கு. பெயர் எழுதிய உறை, ரப்பர் ஸ்டாம்ப் குத்திய லேபிள், சிவப்பு மையில் எண் போட்ட அட்டை எல்லாம் ‘டேமேஜ்’. சிலர் அவற்றைச் சுரண்டி எடுத்தே விற்கிறார்கள். ஆனால் அந்தக் கறைகள்தான் தட்டின் வாழ்க்கை வரலாறு.

எண்பதுகளின் இளையராஜா எல்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குடும்பம் அதை வாங்கவில்லை. பிளேயர் வாங்கவே வசதி இல்லை. வாங்கியவர்கள் ‘ரிக்கார்டிங் சென்டர்’காரர்களும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும். தெருமுனைக் கடையில் துண்டுச்சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, வெற்று டி.டி.கே. கேசட்டில் பதியச் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அட்டையின் மூலையில் உள்ள சிவப்பு எண், அந்தக் கடையின் பட்டியல் எண். ‘திருவிளையாடல்’ வசனத் தட்டின் மேல் ஏதோ ஊர் சவுண்ட் சர்வீஸின் முத்திரை இருந்தால், எத்தனை கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் நாகேஷும் சிவாஜியும் வாதாடினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழர்கள் இசையை எப்படிப் பகிர்ந்து கேட்டார்கள் என்ற வரலாறு பாட்டில் இல்லை, அந்த முத்திரையில் இருக்கிறது. பாட்டு யூடியூபில் கிடைக்கும். முத்திரை அந்த ஒரு தட்டில் மட்டும்தான் உண்டு. நாம் அதைத்தான் துடைத்துப் போடுகிறோம்.

மூன்றாவது பிழை, பூட்டு. பல சேகரிப்புகளுக்குப் பட்டியல் கிடையாது. பட்டியல் சேகரித்தவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் காலமானால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது எடை. அரக்குத் தட்டுக்குக் காயலான் கடையில் எடைக்கு விலைகூடக் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளின் தரைத்தளங்களில் தண்ணீர் ஏறியதை நினைவில் வைப்பவர்கள், ஒரே அறையில் ஒரே பிரதியாக வைத்திருப்பது எவ்வளவு துணிச்சல் என்பதை உணர்வார்கள்.

சட்டத்தைக் காட்டித் தப்பிக்கவும் முழு வழி இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் மீதான உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-க்கு முன் வந்த பதிவுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை வேறு கணக்கு: அவர் மறைந்து 60 ஆண்டுகள். மயிலாப்பூர்வாசி பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். ஆகவே அவர் சொற்களுக்கு 2033 வரை காவல் உண்டு. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஒரு நகைவியாபாரியிடமிருந்து ஏவி.எம்.மிடம் போய், பிறகு 1949-இல் அரசுடைமையான கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்குத் தயங்கலாம். லேபிளைப் பட்டியலிட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

சேகரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர் தன் சம்பளத்தில் வாங்கினார். ‘கேட்டுவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிப் போனவர் திருப்பித் தந்ததில்லை. நிறுவனத்துக்குக் கொடுத்தால் பெட்டி பிரிக்காமலே கிடக்கும் என்ற அச்சமும் அனுபவத்தில் வந்ததே. ஆனால் மாற்று வழிக்கு முன்னுதாரணம் இந்நகரிலேயே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பின் சிதறியிருக்க வேண்டியவை. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியது. இன்று தரமணியில் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டு வாங்கிப் படிக்கலாம். காரணம், அங்கே பட்டியல் இருக்கிறது. மியூசிக் அகாடமியின் ஒலிப்பதிவுக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கச்சேரி கேட்க முடிவதற்கும் அதே காரணம்தான். பட்டியல் இல்லாத சேகரிப்பு, எவ்வளவு பெரிதானாலும், பரண்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது: தட்டு சேகரிப்பது நல்ல பழக்கம், ஒலிக்காகச் சேகரிக்கிறோம் என்பது பலவீனமான காரணம், ‘மின்ட்’ மோகம் கெட்ட பழக்கம். தட்டின் நிலைத்த மதிப்பு அது சுமக்கும் தகவலில் இருக்கிறது. அரக்குத் தட்டு லேபிள்களில் பெரும்பாலும் ஆண்டு அச்சாவதில்லை; லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் சிறிய மேட்ரிக்ஸ் எண்ணை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடியும். அந்த எண்ணைப் படிக்கச் செல்போன் வெளிச்சம் போதும். கீறல் பார்க்க நாம் ஏற்கெனவே பிடிக்கும் அதே வெளிச்சம்.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுப் பெட்டி இருந்தால், விற்பதற்கோ துடைப்பதற்கோ முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். இரு பக்க லேபிள், மேட்ரிக்ஸ் எண், உறையின் முன்பின், அதில் உள்ள பெயர், முத்திரை எல்லாவற்றையும் படமெடுங்கள். வாங்கியது தாத்தாவா அத்தையா, எந்தக் கடையில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு தட்டை விற்றாலும் பாதகமில்லை.